மைக் உன் கையில் இருந்தபோது

நேற்றுப் பின்னேரம் தோடம்பழம் வெட்டிக்கொண்டிருந்தேன். வெள்ளவத்தைச் சந்தையில் வாங்கியது, தோல் இன்னும் பச்சை. தங்கையின் மகளுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. வாய்க்குப் புளிப்பாக ஏதாவது வேண்டும் என்றாள். பழத்தை நான்காகப் பிளந்து தட்டில் அடுக்கி, யோசிக்காமலே உப்பை எடுத்துத் தூவிவிட்டேன். "பெரியம்மா, தோடம்பழத்துக்கு ஆரும் உப்புப் போடுவினமோ?" என்று அவள் முகத்தைச் சுளித்தாள். போடுவார்கள். கொட்டாஞ்சேனையில், இடைவேளை விசில் ஊதியதும், வியர்த்துக் கொட்டி வருகிற ஆட்டக்காரர்களுக்கு நீ அப்படித்தான் கொடுப்பாய். உப்பும் புளியும் கலந்த அந்த வாசனை குசினி முழுக்கப் பரவியபோது கத்தியை வைத்துவிட்டேன்.

உன் முப்பதாம் நாள் பூசையும் முடிந்துவிட்டது. உன்னைத் தெரிந்தவர்கள் எல்லோரும் முகநூலில் உன் படத்தைப் போட்டு, மெழுகுதிரிப் படமும் போட்டு, நல்லதாக நாலு வரி எழுதிவிட்டார்கள். நான் இன்னும் ஒன்றும் எழுதவில்லை. உன்னைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது பொறாமைதான். அதை ஊருக்குக் காட்ட முடியாது. உனக்கு எழுதலாம். நீ வாசிக்கப் போவதில்லை என்ற துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன்.

நீ வருவதற்கு முன்பே மூன்று வருடமாக நான் அந்தக் கந்தோரில் இருந்தேன். கப்பலில் வரும் சாமான்களை இறக்கிக் கொடுக்கும் அலுவல்களைப் பார்க்கும் சின்ன இடம். பத்தரைக்குத் தேநீர் வரும். ஐந்தாறு ஆண்கள் கோப்பையும் கையுமாகத் தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்தில் நின்று, சனிக்கிழமை டீவியில் பார்த்த உதைபந்தாட்டத்தைப் பிரித்து மேய்வார்கள். நான் என் மேசையில் இருந்தபடியே காதைக் கொடுப்பேன். அவர்கள் சொல்வதில் பாதி பிழையாக இருக்கும். ஒருநாள் பொறுக்க முடியாமல் எழுந்து போய், "அது ஓஃப்சைட் இல்லை. பந்தை விடேக்க அவன் சரியான இடத்திலதான் நிண்டவன்," என்றேன்.

கணக்குப் பிரிவில் இருந்த பெரியவர், "அப்ப மிஸ், ஓஃப்சைட் எண்டா என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்றார். நான்கு கோப்பைகளையும் ஒரு சீனிப் போத்தலையும் மேசையில் வைத்து, நகர்த்தி நகர்த்தி விளங்கப்படுத்தினேன். ஒரு பிழைகூடப் பிடிக்க முடியவில்லை அவர்களால். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அவர், "ஆர் சொல்லித் தந்தது? அண்ணாவோ?" என்றார். எனக்கு அண்ணா இல்லை, நாங்கள் மூன்றும் பெண்கள் என்றேன். "அப்ப வேற ஆரோ இருக்கினம் போல," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், எந்த ஆட்டக்காரன் வடிவு என்று பார்க்கிறேனா என்று கேட்டார். கோப்பைகளை எடுத்து அடுக்கிவிட்டு என் இடத்துக்குப் போனேன்.

வீட்டிலும் இதே கதைதான். "இருபத்திரண்டு ஆம்பிளையள் அரைக் காற்சட்டையோட ஓடுறதைப் பொம்பிளைப் பிள்ளை குந்தியிருந்து பாக்கிறதோ?" என்பாள் அம்மா. பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களை வெட்டி ஒட்டிய கொப்பிகள் பதினெட்டு வைத்திருந்தேன். அம்மா அவற்றைச் சமையல் குறிப்பு என்று வருகிறவர்களிடம் சொல்லுவாள். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம் எனக்கு என்ன விருப்பம் என்று கேட்டது. உதைபந்தாட்டம் என்றேன். "பாட்டுக் கேக்கிறதும் விருப்பம்," என்று அம்மா அவசரமாகச் சேர்த்தாள். அவர்கள் திரும்பி வரவில்லை. இன்றைக்கும் அம்மா அதற்குப் பந்தைத்தான் திட்டுகிறாள்.

அப்படியிருக்க, நீ வந்தாய். வந்த முதல் கிழமையே பெரியவர் உன்னிடம் ஊர் விசாரித்தார். கொட்டாஞ்சேனை என்றாய். உன் அண்ணா இன்னார், சந்தி அணியின் கோல் கீப்பர் என்றாய். அவ்வளவுதான். ஒருவர் கதிரை இழுத்துப் போட்டார். இன்னொருவர் உனக்குத் தேநீர் எடுத்து வந்தார். உன்னை யாரும் ஓஃப்சைட் கேட்கவில்லை. அதற்கு முந்திய உலகக் கிண்ணத்தை வென்ற நாடு எது என்று கேட்டிருந்தால் நீ முழித்திருப்பாய். எனக்குத் தெரியும், நானே பிறகு கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் எனக்கு எங்கடி ஞாபகம் இருக்கு?" என்று சிரித்தாய். என் மூன்று வருடத்தை நீ மூன்று நிமிடத்தில் தாண்டிப் போய்விட்டாய். அன்றைக்குத் தொடங்கிய எரிச்சல்.

எரிச்சலோடுதான் உன்னோடு சிநேகிதமும் ஆனேன். அந்தக் கந்தோரில் ஆட்டத்தைப் பற்றிப் பேச எனக்கு வேறு யார் இருந்தார்கள்? நீயோ நான் சொல்வதை வாயைப் பிளந்துகொண்டு கேட்பாய். எங்கோ தொலைவில் ஒரு நாட்டில் ஆடும் அணி எப்படிப் பின்னாலிருந்து பந்தை ஒருவருக்கொருவர் கொடுத்து முன்னே கொண்டு வருகிறது என்று நான் தாளில் கீறிக் காட்டினால், அந்தத் தாளை மடித்து உன் கைப்பைக்குள் வைத்துக்கொள்வாய். "நீ ஒரு ஆம்பளையா பொறந்திருந்தா கோச் ஆகியிருப்படி," என்றாய் ஒருநாள். எனக்கு அந்தச் சொல் பிடிக்கவில்லை. நீ பாராட்டாகத்தான் சொன்னாய்.

நீதான் என்னை முதல் முறையாக மைதானத்துக்குக் கூட்டிப்போனாய். அதுவரை நான் பார்த்த ஆட்டமெல்லாம் டீவிப் பெட்டிக்குள் நடந்தவை. திருவிழாவுக்கு முன்னால் உங்கள் பக்கத்து ஒழுங்கைத் தெருக்கள் நான்கு சேர்ந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சின்னச் சுற்றுப்போட்டி நடத்துவார்கள். வெள்ளவத்தையிலிருந்து புறக்கோட்டைக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். நீ சந்தியில் நின்றாய், இடுப்பில் அலுமினியப் பேசின், பேசின் நிறைய வெட்டிய தோடம்பழம், மேலே ஈரத் துணி. எனக்கும் ஒரு பேசின் வைத்திருந்தாய்.

"இதப் பிடிச்சுக்கோ. கையில பேசின் இருந்தா யாரும் ஒண்ணும் கேட்க மாட்டாங்க. கோட்டுக்குப் பக்கத்துலயே நிக்கலாம்," என்றாய்.

"நான் மட்ச் பாக்க வந்தனான். பழம் குடுக்க வரேல்லை," என்றேன்.

"பாக்கத்தான்டி இது."

நான் பிடிக்கவில்லை. பெண் என்றால் ஏதாவது ஏனத்தோடுதான் உள்ளே வரவேண்டுமா என்று எனக்குக் கோபம் ஏறிவிட்டது. நீ தோளைக் குலுக்கிவிட்டு இரண்டு பேசினையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துத் தூக்கிக்கொண்டு போனாய். நான் கயிற்றுக்கு வெளியே வெயிலில் நின்றேன். வந்தவர்கள் போனவர்கள் எல்லோரும் கேட்டார்கள், யாருடைய அக்கா, எந்த ஆட்டக்காரனைப் பார்க்க வந்தது என்று. ஒருவர் மிகவும் அன்பாக, கோவிலுக்கு வழி அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினார். நீயோ கோட்டிலிருந்து இரண்டு அடியில், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாய். இடைவேளையில் பழத்தைக் கொடுத்துக்கொண்டே உன் அண்ணாவிடம் என்னமோ சொன்னாய். என்ன சொன்னாய் என்று வரும்போது கேட்டேன். "அந்த ஒம்பதாம் நம்பருக்கு எடது கால் மட்டும்தான் இருக்கு, அந்தப் பக்கம் மூடிட்டு நில்லுன்னு சொன்னேன்," என்றாய். இரண்டாம் பாதியில் அவனுடைய இரண்டு அடிகளை உன் அண்ணா பிடித்திருந்தார். நானும் அந்த இடது காலைக் கவனித்திருந்தேன். என்னிடம் சொல்ல ஆள் இல்லை.

கொள்கையை மார்போடு கட்டிக்கொண்டு நான் வெளியே நின்றேன், நீ ஒரு பேசினைத் தூக்கி உள்ளே போனாய் என்று வெகுநாள் உன்னை மனதுக்குள் இளக்காரமாகப் பேசியிருக்கிறேன். உண்மையைச் சொல்லுகிறேன், உன் கால் பட்ட அந்தப் புல்லில் நான் நிற்கவில்லையே என்ற பொறாமைதான் அவ்வளவும்.

அடுத்த வருடம் மைக் வந்தது. வழக்கமாக அறிவிப்புச் செய்கிறவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. பேசினோடு நின்ற உன்னை யாரோ கூப்பிட்டு, பேரை மட்டும் வாசி என்று மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நீ பேரை மட்டும் வாசிப்பவளா? தமிழில் தொடங்கி, சிங்களத்தில் போய், ஆங்கிலத்தில் முடித்தாய். "இப்ப கோர்னர், எல்லாரும் மூச்சைப் புடிச்சுக்கோங்க... ஐயோ போச்சு! கட்லட் சுட்டுக் குடுத்த அன்ட்டிக்குப் பெரிய தேங்க்ஸ்... பந்து திரும்ப நம்ம பக்கம்!" என்று ஒரே மூச்சில் போனாய். ஒலிபெருக்கி துறைமுகம் வரை கேட்டிருக்கும். கூடாரத்துக்குள் இருந்த கிழவர்கள் எழுந்து நின்று சிரித்தார்கள். தொண்டை கட்டியவருக்கு அடுத்த ஞாயிறே சரியாகிவிட்டது, ஆனால் சனம் உன்னைத்தான் கேட்டது.

உனக்கு ஒன்று தெரியாது. நான் சின்ன வயதிலிருந்தே குளியலறையில் வர்ணனை செய்கிறவள். குழாயைத் திறந்துவிட்டு, வாளிக் கோப்பையை வாய்க்கு முன்னால் பிடித்து, தொண்ணூறு நிமிடத்தையும் பத்து நிமிடமாகச் சுருக்கிச் சொல்லுவேன். அம்மா கதவில் தட்டி, "ஆரோட கதைக்கிறாய்?" என்பாள். எனக்கு வேண்டியிருந்தது கதிரை இல்லை, கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு இடம்கூட இல்லை. ஒரு மைதானம் முழுக்க என் குரல் கேட்கவேண்டும், கேட்கிறவர்கள் யார் சொல்லித் தந்தது என்று கேட்கக்கூடாது. அதுதான் என் ஆசை. நான் ஆசைப்பட்ட அந்தச் சாமானை ஆசையே படாத உன் கையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

நீ நேரே என்னிடம் வந்தாய். "எனக்குப் பேரெல்லாம் குழம்புதுடி. நீ எழுதிக் குடு, நான் வாசிக்கிறேன். ரெண்டு பேருமா செய்வோம்," என்றாய். எழுதினேன். சும்மா எழுதவில்லை. யார் எந்த இடத்தில் ஆடுகிறார், யார் யாருக்குப் பந்து கொடுப்பார், யார் மூன்று வருடமாகப் பெனால்டி தவறவிடவில்லை, எல்லாவற்றையும் ஒழுங்கை ஒழுங்கையாகக் கேட்டு விசாரித்து, பெரிய எழுத்தில் எழுதித் தந்தேன். அதை நீ வாசித்தபோது சனம் கை தட்டியது. "இந்தப் புள்ளைக்கு எவ்வளவு விஷயம் தெரியுது பாருங்க," என்று என் பக்கத்தில் நின்றவர் என்னிடமே சொன்னார். நீ ஒவ்வொரு முறையும், "இதெல்லாம் என் சிநேகிதி எழுதினது," என்று மைக்கில் சொல்லத்தான் செய்தாய். அதை யார் காதில் வாங்குகிறார்கள்? சனத்துக்குக் குரல்தான் ஆள். அடுத்த வருடம் இரண்டு மைக் கேட்போம், தமிழ் உனக்கு என்று சொல்லியிருந்தாய். நான் அந்த நாளை எண்ணிக்கொண்டும் இருந்தேன், உன்னைப் பார்த்து வெந்துகொண்டும் இருந்தேன்.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த வருடத்துப் போட்டியின் கடைசிக்கு முந்திய ஞாயிறு. நான்கு அணியில் ஒன்று ஏற்கெனவே இறுதியாட்டத்துக்குப் போய்விட்டது. மற்ற இடத்துக்கு உன் ஒழுங்கையின் சந்தி அணியும், கீழே இருந்த துறை அணியும். அன்றைய ஆட்டத்தில் சந்தி நான்காவது அணியை வென்றால், துறைக்கும் சந்திக்கும் புள்ளி சமம். சமம் வந்தால் யார் போவது? நான் டீவி பார்த்து வளர்ந்தவள். கோல் வித்தியாசம் பார்ப்பார்கள் என்று யாரையும் கேட்காமலே எழுதிவிட்டேன். "புள்ளி சமமானால் கோல் வித்தியாசம். சந்தி முன்னுக்கு." அந்தத் தாளை முதல்நாளே உன்னிடம் தந்துவிட்டேன். அதுவரை அது வெறும் பிழைதான். அதில் வஞ்சகம் இல்லை.

அன்று காலை நான் கூடாரத்துக்குள் நின்றபோது, போட்டிக் குழுவின் செயலாளர் நடுவரிடம் சொன்னது காதில் விழுந்தது. "புள்ளி சமம் வந்தா வழக்கம் மாதிரித்தான். நேருக்கு நேர் யார் அடிச்சாங்களோ அவங்க போவாங்க." நேருக்கு நேர் பார்த்தால் துறைதான், போன மாதம் அவர்கள் சந்தியை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றிருந்தார்கள். நீ அப்போது மைக்கைத் தட்டித் தட்டிச் சோதித்துக்கொண்டிருந்தாய். என் கையில் பேனை இருந்தது. உனக்கும் எனக்கும் இடையில் இருபது அடி தூரம்கூட இல்லை.

முதலில், சமம் வராது, வந்தால் பார்ப்போம் என்று நினைத்தேன். இடைவேளையில் சந்தி ஒரு கோல் முன்னே நின்றது. அப்போதும் போகவில்லை. அப்போது நான் நினைத்ததை உள்ளபடியே எழுதுகிறேன்: ஒரே ஒருதரம் இவள் தடுக்கட்டும். ஒரே ஒருதரம் எல்லோர் முன்னாலும் பிழை சொல்லட்டும். அப்போது நான் போய் மைக்கை வாங்கித் திருத்துவேன். யாருக்கு உண்மையாகத் தெரியும் என்று சனம் பார்க்கும்.

கடைசி விசில் ஊதியது. சந்தி வென்றது. யார் போவது, யார் போவது என்று சனம் உன்னைப் பார்த்துக் கத்தியது. நீ தாளை விரித்தாய். கொஞ்சம் தயங்கினாய் என்று எனக்குப் பட்டது. பிறகு, "கோல் வித்தியாசத்துல சந்தி அணி ஃபைனலுக்குப் போகுது!" என்றாய். உங்கள் ஒழுங்கைக்காரர்கள் வெடி கொளுத்தினார்கள். உன் அண்ணாவைத் தோளில் தூக்கினார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே செயலாளர் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

நான் நினைத்ததுபோல் எதுவும் நடக்கவில்லை. மைக்கை வாங்கித் திருத்த நான் போகவில்லை. போக வழியும் இல்லை, துறைக்காரர்கள் கூடாரத்தைச் சூழ்ந்துவிட்டார்கள். "தன்ட ஒழுங்கைக்காரனுக்காகப் பொய் சொல்லிட்டா!" என்று ஒருவன் கத்தினான். ஒரு கதிரை பறந்தது. பிழை என்று சொல்லியிருந்தால் பரவாயில்லை, பொய் என்றார்கள். உன்னைப் பொய் சொன்னவள் என்றார்கள். நீ அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைக்குள் செருகினாய். மைக்கில், "மன்னிச்சுக்கோங்க, நான்தான் மாத்தி வாசிச்சிட்டேன். துறை அணிதான் ஃபைனலுக்கு," என்றாய். குரல் நடுங்கவில்லை. எழுதியவள் யார் என்று சொல்லவில்லை. எப்போதும் சொல்வாயே, அன்றைக்கு மட்டும் சொல்லவில்லை.

"இதுக்குத்தான் பொம்பளைங்க கையில மைக் குடுக்காதீங்கன்னு சொன்னேன்," என்றார் செயலாளர். முன்பு அறிவித்தவர் ஒருதரம் ஒரு முழு ஆட்டத்தின் கோல் கணக்கையும் தலைகீழாகச் சொன்னவர். அன்றைக்கு எல்லோரும் சிரித்து அவருக்குத் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார்களாம். உன் பிழை உன்னோடு நிற்கவில்லை. உன்னை, என்னை, கட்லட் சுட்ட அன்ட்டியை, எங்கள் எல்லோரையும் சேர்த்து ஒரே வாக்கியத்தில் வெளியே அனுப்பினார்கள். மறு வருடம் இரண்டு மைக் இல்லை. ஒரு மைக், ஒரு ஆண். நான் என் தலையில் நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டேன். நீ பேசினைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாய்.

அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது உன் கண் சிவந்திருந்தது. "விடுடி. யாருக்குத்தான் பிழைக்காது? நீயும் மனுஷிதானே," என்று என் முதுகைத் தடவினாய். அப்போது சொல்லியிருக்கலாம். பஸ் வர இருபது நிமிடம் ஆனது. உன் நல்ல குணத்தின் மேலும் எனக்குக் கோபம் வந்தது, அதனால் சொல்லவில்லை. பிறகு வேறு வேலைக்குப் போனேன், ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தேன். பதினொரு வருடம் உன்னோடு அந்தக் கயிற்றுப் பக்கம் நின்றிருக்கிறேன். ஒருநாளும் வாய் வரவில்லை.

போன வருடம் உனக்கு வருத்தம் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ ஃபோனில் ஒரு ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தாய். பெண்கள் ஆடும் ஆட்டம். பக்கத்துக் கட்டில்காரியும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இவகிட்ட கேளுங்க," என்று அவளுக்கு என்னைக் காட்டினாய். "இவளுக்குத் தெரியாத ரூல் இல்ல." அந்தப் பெண் என்னிடம் பெனால்டி பற்றிக் கேட்டாள். நான் சொன்னேன். நீ தலையணையில் சாய்ந்துகொண்டு, உன் சொந்தப் பிள்ளை பாட்டுப் பாடுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாய். அப்போதும் சொல்லவில்லை.

உன் சாவீட்டில் நான் நடந்துகொண்டதை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். சந்தி அணிக்காரர்கள் பழையவர்களும் புதியவர்களும் அணிச் சட்டையோடு வந்தார்கள். அணிக் கொடியைப் பெட்டிக்கு மேல் விரித்தார்கள். துறைக்காரர்கள்கூட மலர்வளையத்தோடு வந்தார்கள். கதிரை எறிந்தவனும் வந்து ஓரத்தில் நின்று அழுதான். கொடியைப் பார்த்ததும் எனக்குப் பழைய எரிச்சல் வந்தது. பெட்டிக்குள் கிடப்பவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டவள் அன்றைக்குக் கொழும்பில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். போதாததற்கு, அணிச் சட்டை போட்ட ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மிஸ்ஸுக்கு ஃபுட்போல் விளங்காது, ஆனா இவ இருக்காளே, இவ ஒரு ஆட்டத்தைப் பார்த்தாலே..." என்று தொடங்கி, ஓஃப்சைட் என்றால் என்ன என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பிழையாகச் சொன்னார். நான் ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பிறகு உன் அண்ணா வந்தார். முழங்கால் இரண்டும் போய், தடி ஊன்றித்தான் நடக்கிறார். என் பக்கத்தில் உட்கார்ந்து, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அந்த வருஷம் மைக் பிரச்சினை ஞாபகம் இருக்கா? இடைவேளையில பழம் குடுக்கக்குள்ள கேட்டா, அண்ணா, சமம் வந்தா நம்ம ஒழுங்கைல நேருக்கு நேர்தானே பாக்கிறது, பேப்பர்ல வேற மாதிரி இருக்கேன்னு. நானும் ஆமா, எப்பவும் நேருக்கு நேர்தான், போய்க் கேட்டுட்டு வான்னு சொன்னேன். இல்லண்ணா, அவ எழுதினா சரியாத்தான் இருக்கும், இந்த வருஷம் மாத்தியிருப்பாங்கன்னு சொல்லிட்டுப் போயிட்டா. உங்களை அப்பிடி நம்புவா, மிஸ்."

அவர் குறையாகச் சொல்லவில்லை. என்னைப் பெருமைப்படுத்தத்தான் சொன்னார். யாரோ கூப்பிட, தடியை ஊன்றிக்கொண்டு எழுந்து போனார்.

உனக்குத் தெரிந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து அந்த ஒழுங்கையில் பந்தைப் பார்த்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நீ விரித்த தாள் ஒழுங்கை வழக்கத்தோடு ஒத்துப்போகவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது. உன் அண்ணா சொன்னது ஒரு பக்கம், உன் கண்ணால் கண்டது ஒரு பக்கம், என் கையெழுத்து ஒரு பக்கம். நீ என் கையெழுத்தை எடுத்தாய். கோப்பைகளை வைத்து விளங்கப்படுத்தியும் ஆறு ஆண்கள் எனக்குத் தராததை, நான் கேட்காமலே நீ முழுசாகத் தந்திருக்கிறாய். நான் இருபது அடி தள்ளி, பேனையோடு நின்று, நீ விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைச் சொன்னால் மன்னித்திருப்பாய். அதையும் நினைத்தால் எரிச்சலாகத்தான் இருக்கிறது. உன் அண்ணாவிடம் இந்த ஞாயிறு போய்ச் சொல்லப்போகிறேன், அவர் மன்னித்தாலும் சரி, தடியைத் தூக்கினாலும் சரி. பொய் சொன்னவள் என்ற பேர் உன்மேல் இன்னும் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதையாவது கழுவிவிட வேண்டும்.

உன்மேல் இருந்த பொறாமை உன்னோடு போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை, ஆள்தான் மாறியிருக்கிறது. அன்றைக்கு நீ மைக்கோடு நின்றபோது உன் மனதுக்குள் என் முகத்தோடு ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஆட்டத்தில் தெரியாதது இல்லை. அவள் பிழை எழுத மாட்டாள். எழுதினாலும் தெரிந்த அடுத்த நிமிடம் ஓடி வந்து உன் காதில் சொல்லுவாள். அந்தப் பெண்ணை நான் ஒருநாளும் கண்டதில்லை, நீ மட்டும்தான் கண்டிருக்கிறாய். எனக்கு இப்போது அவள்மேல்தான் பொறாமை.